கப்பல் போன துறையும் கரி தீரும் ஊரும்

நெய்வேலியில் ரயில் ஏறுகிறவர்கள் வடலூர், குறிஞ்சிப்பாடி ஊர்களைத் தாண்டினால் சிறிது நேரத்தில் பாதை முடியும் இடம் வந்துவிடும். அந்த ஸ்டேஷனுக்குப் பெயர் ‘கடலூர் துறைமுகம் சந்திப்பு’. பெயரைப் பார்த்து, கப்பல்களையும் பாய்மரங்களையும் சுமைகூலிகளின் கூச்சலையும் எதிர்பார்த்துக்கொண்டு இறங்கும் பையனுக்கு ஏமாற்றமே மிஞ்சும். துறைமுகம் என்ற சொல் பலகையில் இருக்கிறது. கப்பல்தான் இல்லை.

நெய்வேலி நகரியத்தின் வட்டங்களில் குடியிருப்பவர்களுக்குக் கடல் என்றால் கடலூர்தான். சுமார் 25 மைல் தூரம். விடுமுறை நாட்களில் குழந்தை குட்டிகளுடன், கட்டுச்சோற்று மூட்டையுடன், தேவனாம்பட்டினத்து வெள்ளிக் கடற்கரையில் வந்து இறங்குவார்கள். கால் நனைப்பார்கள், சுண்டல் வாங்கித் தின்பார்கள், பொழுது சாய்ந்ததும் திரும்புவார்கள். தாங்கள் நிற்கும் இடம் ஒரு காலத்தில் உலக வல்லரசுகள் இரண்டின் கப்பற்படைகள் மோதிக்கொண்ட இடம் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ! அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. அவர்கள் வேடிக்கை பார்த்துவிட்டுப் போகும் இந்த அமைதியான கடலோரம், அவர்களுடைய சொந்த ஊரின் எதிர்காலத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறது.

இன்று காணும் காட்சி

கடலூர் முதுநகரில், கெடிலமும் பரவனாறும் கூடிக் கடலில் கலக்கும் முகத்துவாரமே பழைய துறை. ஆற்றின் அக்கரையில் சிங்காரத்தோப்பு, சோனங்குப்பம், அக்கரைகோரி முதலிய மீனவர் குப்பங்கள். கரையெங்கும் மீன்பிடிப் படகுகள் வரிசையாக நிற்கின்றன. விடியற்காலையில் மீன் ஏலம் போடும் சத்தம் ஓங்கிக் கேட்கும். வெயில் ஏறினால் அதுவும் அடங்கிவிடும். அதன் பிறகு வலை பின்னும் கைகளும், கருவாடு காயும் மணலும், வட்டமிடும் பருந்துகளும்தான். தெருக்களில் பழைய வியாபாரிகளின் திண்ணை வைத்த வீடுகளும் கிட்டங்கிகளும் இருக்கின்றன. வடக்கே கெடிலத்தின் முகத்தை ஒட்டி, செயிண்ட் டேவிட் கோட்டையின் இடிந்த சுவர்கள் சில எஞ்சி நிற்கின்றன.

குண்டு விழுந்த கிராமங்கள்

இந்தக் கோட்டையை ஆங்கிலக் கம்பெனி 1690-ல் மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. அப்பொழுது போட்ட ஒப்பந்தம் விசித்திரமானது. கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவு நிலமும் கோட்டையைச் சேர்ந்தது. நாலா திசையிலும் பீரங்கிகள் முழங்கின. குண்டு விழுந்த எல்லைக்குள் சிக்கிய ஊர்களுக்கெல்லாம் ‘குண்டு கிராமங்கள்’ என்றே பெயர் வந்துவிட்டது. உழுதுகொண்டிருந்த குடியானவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலையில் ஒருவருக்கு வரி கட்டினான். மாலையில் வேறொருவருக்குக் கடமைப்பட்டான்.

1746-ல் சென்னப்பட்டணத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டபோது, சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடம் இங்கே மாறியது. 1752 வரை இதுவே அவர்களுடைய ராஜதானி. 1748-ல் அட்மிரல் பாஸ்கவெனின் பெரிய கப்பற்படை இங்கே வந்து நங்கூரம் பாய்ச்சிற்று. 1756-ல் ராபர்ட் கிளைவ் இந்தக் கோட்டைக்கு அதிகாரியாக வந்தார். 1758-ல் ஆங்கில, பிரெஞ்சுக் கப்பற்படைகள் கடலூருக்கு எதிரே சண்டையிட்டன. அதே ஆண்டு ஜூன் மாதம் லாலி கோட்டையைப் பிடித்து இடித்துப் போட்டார்.

எல்லாவற்றிலும் வேதனையான கதை 1783-ம் வருஷத்தியது. அந்த ஜூன் 20-ந் தேதி, சஃப்ரெனின் 15 பிரெஞ்சுப் போர்க்கப்பல்களும் ஹ்யூஸின் 18 ஆங்கிலக் கப்பல்களும் கடலூருக்கு எதிரே மோதின. இரு தரப்பிலும் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர், காயமுற்றனர். கரையிலும் முற்றுகை நடந்துகொண்டிருந்தது. ஆனால் ஐரோப்பாவில் சமாதானப் பூர்வாங்க ஒப்பந்தம் அந்த ஜனவரியிலேயே கையெழுத்தாகியிருந்தது! செய்தி வந்து சேர ஐந்து மாதங்கள் ஆயின. முடிந்துபோன யுத்தத்துக்காக இந்தக் கடலில் மனிதர்கள் மடிந்தார்கள். தீர்மானம் செய்கிறவர்கள் எங்கோ தொலைவில் இருந்தார்கள். அதன் பலனை அனுபவித்தவர்கள் இங்கே இருந்தார்கள். இந்த உண்மையை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கட்டுரையின் பிற்பகுதியில் இதற்கு வேலை இருக்கிறது.

துறை ஏன் தூங்கியது?

இவ்வளவு பேர்பெற்ற துறை ஏன் இப்படி அடங்கிப்போயிற்று? காரணம் யுத்தம் அல்ல, இயற்கையும் வியாபாரமுமே. கடலூரில் கப்பல் கரைக்கு வர முடியாது. முகத்துவாரத்தில் மணல் மேடு. பெரிய கப்பல்கள் திறந்த கடலில் நிற்க, சிறு படகுகள்தாம் சரக்கைக் கொண்டுவர வேண்டும். புயல் வந்தால் ஒதுங்க இடமில்லை. 1749 ஏப்ரலில் அடித்த புயலில் பாஸ்கவெனின் தலைமைக் கப்பலான ‘நாமூர்’ இந்தக் கோட்டைக்கு அருகிலேயே உடைந்து மூழ்கியது. ஐந்நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். ‘பெம்ப்ரோக்’ என்ற இன்னொரு போர்க்கப்பலும் போயிற்று. அட்மிரல் கரையில் இருந்ததால் பிழைத்தார். ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்குப் பருவக்காற்றுக்குப் பயந்து கப்பற்படைகள் திருகோணமலைக்கோ பம்பாய்க்கோ ஓட வேண்டியிருந்தது இதனால்தான்.

பின்னர் சென்னையில் செயற்கைத் துறைமுகம் எழுந்தது. கப்பல்கள் பெருத்தன, ஆழம் இல்லாத துறைகள் சிறுத்தன. படகில் ஏற்றி இறக்கும் வியாபாரம் கடலூரில் இருபதாம் நூற்றாண்டு முழுவதும் நடந்தது. பிறகு அதுவும் ஓய்ந்தது. ‘இன்று முதல் இந்தத் துறைமுகம் இல்லை’ என்று யாரும் தண்டோரா போடவில்லை. ஒரு கப்பல் குறைந்தது, பிறகு இன்னொன்று. ஒரு நாள் திரும்பிப் பார்த்தபோது எதுவும் இல்லை. இப்பொழுது சாகர்மாலாத் திட்டத்தின் கீழ் இங்கே புதிய கப்பல் மேடைகள் கட்டப்பட்டிருக்கின்றன. பழைய பெருமை திரும்புமா என்பது மேடையைப் பொறுத்ததல்ல, வரப்போகும் சரக்கைப் பொறுத்தது.

ஆயினும் கடலூர் சாகவில்லை. அதற்கு மீன் இருந்தது. தறி இருந்தது. பக்கத்தில் நெல்லிக்குப்பத்துச் சர்க்கரை ஆலை இருந்தது. ஜில்லாத் தலைநகர் என்ற அந்தஸ்து இருந்தது. கோர்ட்டும் கச்சேரியும் பள்ளிக்கூடங்களும் இருந்தன. 2004-ம் ஆண்டு டிசம்பரில் சுனாமி வந்து ஜில்லாவில் அறுநூறு பேருக்கு மேல் வாரிக்கொண்டு போயிற்று. 2011 கடைசியில் தானே புயல் வந்து பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. அப்போதும் ஊர் எழுந்து நின்றது. பல கயிறுகளில் கட்டிய ஊஞ்சல், ஒரு கயிறு அறுந்தால் கோணுமே தவிர விழாது.

ஒற்றைக் கயிற்றில் ஓர் ஊர்

நெய்வேலி அப்படிப்பட்ட ஊரா? அங்கேதான் கவலை பிறக்கிறது.

1930-களில் ஜம்புலிங்க முதலியார் தமது நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது. அதுவே பழுப்பு நிலக்கரி என்று பின்னால் தெரிந்தது. 1956 நவம்பரில் கார்ப்பரேஷன் பதிவாயிற்று. 1957 மே மாதம் 20-ந் தேதி பிரதம மந்திரி நேரு சுரங்க வேலையைத் துவக்கி வைத்தார். 1961-ல் கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962-ல் ரஷ்ய உதவியுடன் எழுந்த அனல் மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது. மண்ணை வெட்டும் ராட்சதச் சக்கர யந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. முந்திரிக்காடாகக் கிடந்த செம்மண் பூமியில், நேர் கோடு போட்ட சாலைகளும் நிழல் மரங்களும் வட்டம் வட்டமாக வீடுகளும் தோன்றின. தமிழ்நாட்டின் விளக்குகளில் ஒரு பெரும் பங்கை ஏற்றி வைத்த ஊர் இது. இதைப் பற்றி யாரும் பெருமைப்படலாம்.

ஆனால் இந்த ஊரின் வீடு கம்பெனியுடையது. தண்ணீர் கம்பெனியுடையது. ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் தெரு விளக்கும் கம்பெனியுடையவை. ஓய்வு பெற்றவர் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுச் சொந்த ஊருக்கோ, வடலூர், கடலூர் பக்கமோ போய்விட வேண்டியவரே. மூன்று தலைமுறையாக இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் ‘நம் ஊர்’ என்று சொல்லிக்கொள்ள ஒரு கைப்பிடி மண் இல்லை.

முதல் அனல் மின் நிலையம் 58 ஆண்டுகள் உழைத்துவிட்டு 2020 செப்டம்பரில் நிரந்தரமாக நிறுத்தப்பட்டது. அதன் 600 மெகாவாட்டுக்குப் பதிலாக, அதிகத் திறனுள்ள புதிய நிலையம் 1,000 மெகாவாட்டுக்கு எழுந்திருக்கிறது. ஆகையால் ஊருக்கு உடனே ஆபத்து ஒன்றுமில்லை. பூமிக்கடியில் இன்னும் பல பத்தாண்டுகளுக்குக் கரி உண்டு என்று நிபுணர்கள் சொல்கிறார்கள். ஆனால் கரியின் ஆயுளைத் தீர்மானிப்பது பூமி மட்டுமல்ல. 2070-க்குள் கரியமில வாயுக் கணக்கை நிகரப் பூஜ்யமாக்குவதாக இந்தியா உலகத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது. கம்பெனியே ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல் சூரிய மின்சாரம் எடுக்கும் நிலைக்கு வந்துவிட்டது. அந்தச் சூரியத் தகடுகளுக்கு நெய்வேலிதான் வேண்டுமென்பதில்லை. தென் ஜில்லாக்களின் வெயிலே போதும். தொழில் நிலைக்கலாம், ஊர் நிலைக்குமா என்பது தனிக் கேள்வி.

பரவனாறு சொல்லும் சேதி

கடலூர்த் துறையையும் நெய்வேலிச் சுரங்கத்தையும் இணைப்பது ரயில் மட்டுமல்ல. ஓர் ஆறும் இணைக்கிறது. அதுதான் பரவனாறு.

நெய்வேலிக் கரிக்குக் கீழே, பெரும் அழுத்தத்துடன் நிலத்தடி நீர் நிற்கிறது. அதை ராப்பகலாக இறைக்காவிட்டால், அது சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். அப்படி இறைக்கும் தண்ணீரில் ஒரு பகுதி நகரியத்துக்கும் மின் நிலையங்களுக்கும் போகிறது. இன்னொரு பகுதி பரவனாற்று வழியே வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் சென்று வயல்களை நனைக்கிறது. மிஞ்சியது கடலூர் முதுநகரில், அந்தப் பழைய துறையருகே கடலில் கலக்கிறது.

இதிலே லாபம் அடைந்த குடியானவர்களும் உண்டு. நஷ்டம் அடைந்தவர்களும் உண்டு. ஏரிக்குப் பாயும் நீரை நம்பிச் சாகுபடி செய்கிறவர்கள் பம்பு நிற்கக் கூடாது என்கிறார்கள். ஒரு காலத்தில் குழாய் இறக்கினால் தானாகப் பொங்கிய நீர் இன்று ஆழத்துக்குப் போய்விட்டதே என்று மற்றவர்கள் முறையிடுகிறார்கள். கடலோரத்தில் உப்பு நீர் உள்ளே புகுமோ என்ற அச்சமும் இருக்கிறது. நீரை அளவறிந்தே இறைப்பதாகக் கம்பெனி சொல்கிறது.

2023 ஜூலையில் இந்தப் பரவனாறு நாடெங்கும் செய்தியாயிற்று. இரண்டாவது சுரங்கத்தின் விஸ்தரிப்புக்காக ஆற்றின் போக்கை மாற்ற வாய்க்கால் வெட்ட வேண்டியிருந்தது. வளையமாதேவி கிராமத்தில், முன்பே கையகப்படுத்தப்பட்டிருந்த நிலத்தில், பச்சைப் பசேலென்று நின்ற நெற்பயிரின் மேல் யந்திரங்கள் இறங்கின. நிலத்துக்கு முன்பே பணம் கொடுத்தாயிற்று. பயிர் வைக்க வேண்டாமென்று எச்சரித்தோம் என்றது கம்பெனித் தரப்பு. பணம் போதாது, வேலை கிடைக்கவில்லை, அறுவடை வரை பொறுக்கக் கூடாதா என்றது குடியானவர் தரப்பு. போராட்டம் கலவரத்தில் முடிந்தது. அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

சட்டம் யார் பக்கம் என்பது ஒரு கேள்வி. கதிர் பிடிக்கும் பயிரை மண்ணோடு புரட்டுவது எந்தத் தமிழனுக்கும் பொறுக்காது என்பது இன்னொன்று. குண்டு கிராமங்களின் காலம் போய் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஆனாலும், எங்கோ போட்ட கோடு தன் வயலின் மேல் வந்து விழுவதாகவே குடியானவன் இன்றும் எண்ணுகிறான். அந்த எண்ணத்தை மாற்றுவது பணத்தால் மட்டும் ஆகாது.

மற்ற நாடுகள் செய்ததென்ன?

வேலை முடிந்த ஊர்களை உலகம் நிறையப் பார்த்திருக்கிறது. இங்கிலாந்தில் சாத்தம் என்ற கப்பற்படைத் தளம் நானூறு ஆண்டுகள் போர்க்கப்பல்களைக் கட்டியது. நெல்சனின் ‘விக்டரி’ கப்பல் பிறந்த இடம் அது. 1984-ல் தளத்தை மூடினார்கள். சுமார் 7,000 பேர் வேலையிழந்தார்கள். இன்று அங்கே மியூசியமும் கல்லூரிக் கட்டிடங்களும் நீரோரத்தில் அழகான வீடுகளும் இருக்கின்றன. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அழகு வந்து சேர்வதற்குள் ஒரு தலைமுறைத் தொழிலாளர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

திருகோணமலையை எடுத்துக்கொள்வோம். நெய்வேலியில் மண்வெட்டி விழுந்த அதே 1957-ல் பிரிட்டிஷ் கப்பற்படை அங்கிருந்து வெளியேறியது. அவர்கள் கட்டிய எண்ணெய்த் தொட்டிகளில் பெரும்பாலானவை பல பத்தாண்டுகள் காட்டுக்குள் கிடந்தன. 2022-ல் அவற்றைச் சீரமைக்க இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் செய்தன. 2025-ல் ஐக்கிய அரபு எமிரேட்ஸும் சேர்ந்துகொள்ள, எரிசக்தி மையம் அமைக்கும் உடன்படிக்கை ஏற்பட்டது. காலி இடத்துக்கு யாராவது ஒருவர் வந்தே தீருவார். ஊரார் முந்திக்கொள்ளாவிட்டால் வெளியார் வந்து தீர்மானிப்பார்கள்.

நெய்வேலிக்கு மிக நெருங்கிய பாடம் ஜெர்மனியின் லவுசிட்ஸ் பிரதேசத்தில் இருக்கிறது. அதுவும் பழுப்பு நிலக்கரிப் பூமி. 1990-ல் இரு ஜெர்மனிகளும் இணைந்தபின் சுரங்கங்கள் மளமளவென்று மூடப்பட்டன. பல்லாயிரம் பேர் வேலையிழந்தார்கள். இளைஞர்கள் ஊரை விட்டே போனார்கள். வெட்டிய பள்ளங்களில் நீரை விட்டு ஏரிகளாக்கினார்கள். இன்று அங்கே படகு ஓடுகிறது. உல்லாசப் பிரயாணிகள் வருகிறார்கள். முதலில் பட்ட அடியிலிருந்து பாடம் கற்றுக்கொண்டு, 2020-ல் சட்டமே செய்தார்கள். 2038-க்குள் கரியைக் கைவிடுவது என்றும், அதற்குள் கரிப் பிரதேசங்களில் வேறு தொழில்களை வளர்க்க 4,000 கோடி யூரோ வரை செலவிடுவது என்றும் முடிவாயிற்று. தேதியும் சொன்னார்கள், பணமும் ஒதுக்கினார்கள். ஜெர்மானிய யந்திரங்களை இறக்குமதி செய்த நாம், இந்த முன்யோசனையையும் இறக்குமதி செய்துகொண்டால் குற்றமில்லை.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

முதலாவது, நிலம். கரி எடுத்த பள்ளத்தை மண்ணால் நிரப்பி மரம் வளர்க்கிறார்கள். பறவைகள் வருகின்றன, குளங்கள் நிற்கின்றன. இது பாராட்ட வேண்டிய காரியமே. ஆனால் அந்த நிலம் இனி யாருடையது? கொடுத்த குடும்பங்களின் பேரன் பேத்திகளுக்கு அதில் ஏதாவது பாத்தியதை உண்டா? குத்தகைக்காவது கிடைக்குமா?

இரண்டாவது, தண்ணீர். பம்புகள் நிற்கும் நாளில் பள்ளங்களில் நீர் ஏறும். அது ஏரியாகுமா, ஆபத்தாகுமா? வாலாஜா ஏரிப் பாசனம் என்ன ஆகும்? இதற்கான கணக்கைக் கடைசி நாளில் போடக் கூடாது. இன்றே போட்டு ஜனங்கள் முன் வைக்க வேண்டும்.

மூன்றாவது, ஊர். நெய்வேலியில் தொழில் தெரிந்த கைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பட்டறைகள், பள்ளிகள், ஆஸ்பத்திரி, ரயில் பாதை எல்லாம் இருக்கின்றன. கரி ஒன்றையே நம்பாத வேறு தொழில்களை அங்கே வளர்க்க இதைவிட வசதியான இடம் தமிழ்நாட்டில் அதிகமில்லை. நகரிய வாசிகளுக்கு ஊரின் நிர்வாகத்தில் குரல் வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளருக்கு நாளைய வேலை பற்றி ஒரு நிச்சயம் வேண்டும். மத்திய சர்க்காரும் ராஜ்ய சர்க்காரும் கம்பெனியும் குடியானவர் பிரதிநிதிகளும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசினால் வழி பிறக்காமல் போகாது.

இப்படிக் கேட்பது நெய்வேலியின் அழிவை விரும்புவதாகாது. வீட்டில் பெரியவர் திடகாத்திரமாக இருக்கும்போதே சொத்துக் காகிதங்களை ஒழுங்கு செய்து வைப்பதை யாரும் அபசகுனம் என்பதில்லை. அதைப் பொறுப்பு என்றுதான் சொல்வார்கள்.

தேவனாம்பட்டினத்தில் மாலை நேரத்தில் இடிந்த கோட்டைச் சுவரின் நிழல் மணலில் நீள்கிறது. நெய்வேலியிலிருந்து வந்த குழந்தைகள் அங்கே மணலைக் குவித்து வீடு கட்டுகிறார்கள். அலை வந்து அழிக்கிறது. இன்னும் கொஞ்சம் மேட்டில் போய் மறுபடியும் கட்டுகிறார்கள். அடுத்த அலை எதுவரை வரும் என்று பார்த்து இடம் மாற்றிக்கொள்ளும் புத்தி குழந்தைகளுக்கு இருக்கிறது. பெரியவர்களுக்கும் அது வர வேண்டும். அலைக்கு முன்பே வர வேண்டும்.